கணினியோடு டாக், ஹெட்போன் ஆம்ப் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல ஹெட்போன் ஒன்று கைக்கு வந்ததும் அடுத்த பேச்சு டாக், ஆம்ப் பற்றித்தான். டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கருவியின் பெயரான டி.ஏ.சி. என்ற மூன்றெழுத்தைத்தான் எல்லோரும் டாக் என்கிறார்கள். இணைப்பது பத்து நிமிட வேலை. எந்த வயர் எங்கே போகும், எந்த செட்டிங் எதற்கு, இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்ற இடங்களில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

டாக் என்ன செய்கிறது, ஆம்ப் என்ன செய்கிறது?

கணினியில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். சிடி தரம் என்றால் நொடிக்கு 44,100 முறை, இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக, 16 பிட் எண் ஒன்று. அந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுவது டாக். அதன் பின்பக்கத்தில் வரும் சிக்னல் பொதுவாக 2 வோல்ட் வரை இருக்கும். ஆனால் அது இன்னொரு கருவிக்குக் கொடுக்க வேண்டிய சிக்னல். ஹெட்போனை அசைக்கத் தேவையான மின்னோட்டம் அதில் இருக்காது. அந்த மின்னோட்டத்தைத் தருவதும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் வைத்திருப்பதும் ஆம்ப்பின் வேலை.

வரிசை எப்போதும் கணினி, டாக், ஆம்ப், ஹெட்போன்தான். ஹெட்போன் ஜாக் இல்லாத தனி டாக்கின் சிவப்பு வெள்ளைத் துளைகளில் ஏதோ ஒரு அடாப்டர் போட்டு ஹெட்போனைச் செருகிவிட்டு, சத்தம் குறைவாக வருகிறது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அப்படித்தான் வரும்.

என் கணினியிலேயே ஹெட்போன் ஜாக் இருக்கிறதே, போதாதா?

பலருக்குப் போதும். கணினிக்குள்ளேயே ஒரு டாக்கும் சின்ன ஆம்ப்பும் இருக்கின்றன. இப்போது வரும் மதர்போர்டுகளிலும் மடிக்கணினிகளிலும் அவை மோசமானவை அல்ல. வெளியிலிருந்து ஒன்று வாங்க மூன்று காரணங்கள் உண்டு. ஜாக்கில் இரைச்சல் கேட்கிறது. குமிழை முழுதாகத் திருப்பியும் சத்தம் பத்தவில்லை. ஜாக்கின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது மின்சாரம் வெளியே போகும்போது ஜாக் காட்டும் எதிர்ப்பு (ஓம் கணக்கில்), அதிகமாக இருப்பதால் ஹெட்போனின் குரலே மாறிப்போகிறது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், ஹெட்போனின் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள். சில மதர்போர்டு ஜாக்குகளில் இது பல பத்து ஓம் இருக்கும். அப்போது சில ஹெட்போன்களில் பேஸ் உப்பி, தளர்ந்து கேட்கும். ஹெட்போன் சரியில்லை என்று நினைத்து விற்றுவிடுவார்கள். குறை ஜாக்கில் இருந்திருக்கும்.

இந்த மூன்றில் எதுவும் இல்லையென்றால் பணத்தை ஹெட்போனிலேயே போடுங்கள். டாக் மாற்றுவதால் வரும் வித்தியாசத்தைவிட ஹெட்போன் மாற்றுவதால் வரும் வித்தியாசம் பல மடங்கு பெரியது.

எனக்கு ஆம்ப் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஹெட்போனின் விவரத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: இம்பிடன்ஸ், சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது). 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இசையின் உச்சங்கள் 110 டெசிபல் வரை உடையாமல் வர வேண்டும். 97-லிருந்து 110-க்கு 13 டெசிபல். அதற்கு 20 மடங்கு மின்திறன், அதாவது 20 மில்லிவாட் வேண்டும். 300 ஓமில் 20 மில்லிவாட் தர ஏறக்குறைய 2.45 வோல்ட் தேவை. கணினி ஜாக் 1 வோல்ட்தான் தருகிறதென்றால் உச்சம் 102 டெசிபலோடு நின்றுவிடும். இன்று வரும் சினிமாப் பாட்டுக்கு அதுவே காதைக் கிழிக்கும். ஆனால் மெல்லிய இடங்களும் வெடிக்கும் இடங்களும் கலந்த ஆர்கெஸ்ட்ரா பதிவுகளில் பற்றாக்குறை தெரியும்.

இப்போது எதிர்த்திசையில் ஒன்று. 40 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 90 டெசிபல் உள்ள பிளானர் (மெல்லிய தட்டைப் படலம் அதிர்ந்து ஒலி தரும்) வகை ஹெட்போன். ஓம் குறைவுதானே, எளிதாக ஓடும் என்று தோன்றும். 110 டெசிபலுக்கு 100 மில்லிவாட், அதாவது 2 வோல்ட்டும் 50 மில்லிஆம்பியர் மின்னோட்டமும் வேண்டும். முதல் ஹெட்போன் கேட்டது 8 மில்லிஆம்பியர் மட்டுமே. ஆகவே ஓமை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: சில நிறுவனங்கள் சென்சிடிவிட்டியை மில்லிவாட்டுக்குச் சொல்லும், சில வோல்ட்டுக்குச் சொல்லும். இரண்டும் ஒன்றல்ல. 300 ஓம் ஹெட்போனில் இரண்டுக்கும் 5 டெசிபல் வித்தியாசம். 32 ஓமில் 15 டெசிபல். ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள்.

ஒரே பெட்டியில் இரண்டும் இருப்பதை வாங்கவா, தனித்தனியாகவா?

முதல் முறை என்றால் ஒரே பெட்டி. ஒரு யு.எஸ்.பி. வயர், ஒரு ஹெட்போன், வேலை முடிந்தது. தனித்தனியாக வாங்கினால் பின்னால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் வயர்களும் அடாப்டர்களும் கூடும், கிரவுண்ட் லூப் என்ற ரீங்கார இரைச்சல் (பின்னால் விளக்குகிறேன்) நுழைய ஒரு வாசலும் கூடும். பழைய ரேடியோ போலக் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப் மீது ஆசை, அல்லது நிறைய மின்திறன் கேட்கும் கடினமான ஹெட்போன் என்றால் தனி ஆம்ப்புக்குப் போவதில் அர்த்தம் உண்டு. விரல் அளவு யு.எஸ்.பி. டாங்கிள்களும் டாக்கும் ஆம்ப்பும் சேர்ந்தவைதான். இயர்போனுக்கும் எளிதில் ஓடும் ஹெட்போனுக்கும் அவற்றைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

சரி, எல்லாம் மேசைமேல் இருக்கிறது. எந்த வயரை எங்கே செருகுவது?

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்ப்பின் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.

கணினியிலிருந்து டாக்குக்கு யு.எஸ்.பி. வயர். டாக்கின் பக்கம் பிரிண்டரில் பார்க்கும் சதுரத் துளையோ யு.எஸ்.பி. சி துளையோ இருக்கும். சி துளை இரண்டு இருந்தால் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஒன்று மின்சாரத்துக்கு மட்டும், இன்னொன்று டேட்டாவுக்கு. போன் சார்ஜரோடு வரும் சில வயர்களில் டேட்டா கம்பியே கிடையாது. விளக்கு எரியும், ஆனால் கணினி அடையாளம் காணாது. டாக்கோடு வந்த வயரையே முதலில் போடுங்கள்.

டாக்கிலிருந்து ஆம்ப்புக்கு ஆர்.சி.ஏ. வயர் ஜோடி. சிவப்பு வலது, வெள்ளை அல்லது கறுப்பு இடது. டாக்கில் லைன் அவுட் என்று இருக்கும் இடத்திலிருந்து, ஆம்ப்பில் இன்புட் என்று இருக்கும் இடத்துக்கு. பல ஆம்ப்புகளில் அவுட்புட் என்றும் ஒரு ஆர்.சி.ஏ. ஜோடி இருக்கும். அது ஸ்பீக்கர்களுக்கானது, அதில் செருகினால் ஒன்றும் கேட்காது. இரவு நேரத்தில், மேசைக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு செருகும்போது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு இது.

ஆம்ப்பிலிருந்து ஹெட்போனுக்கு முன்பக்கத்து ஜாக். பெரியது 6.35 மில்லிமீட்டர், சின்னது 3.5 மில்லிமீட்டர். சின்ன பின்னைப் பெரிய ஜாக்கில் போட அடாப்டர் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கடைசியாக மின்சாரம். ஆம்ப்போடு வந்த அடாப்டரைத் தவிர வேறெதையும் போடாதீர்கள். பின் அளவு பொருந்துகிறது என்பது ஆதாரம் இல்லை. சில ஹெட்போன் ஆம்ப்புகள் டிசி கேட்காமல் ஏசி வெளியிடும் அடாப்டரைக் கேட்கும். அதே வடிவப் பின்னோடு வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் டிசி தரும். மாற்றிப் போட்டால் எதுவாவது ஒன்று போய்விடும்.

யு.எஸ்.பி., ஆப்டிகல், கோஆக்சியல் மூன்றும் இருக்கின்றன. எது நல்லது?

ஒலித்தரத்தில் மூன்றும் ஒரே எண்களைத்தான் கொண்டு போகின்றன. யு.எஸ்.பி.தான் வசதி; உயர்ந்த சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை எண் என்ற கணக்கு) எல்லாம் அதில்தான் போகும், சின்ன டாக்குகளுக்கு மின்சாரமும் அதிலேயே கிடைக்கும். வயர் 5 மீட்டருக்குள் இருக்கட்டும்.

ஆப்டிகல் 1983-இல் தோஷிபா கொண்டுவந்தது. டாஸ்லிங்க் என்ற பெயரில் தோஷிபாவின் சாயல் தெரிகிறது பாருங்கள். இதில் ஓடுவது வெளிச்சம் மட்டும். செம்புக் கம்பி இல்லாததால் கணினியின் மின் இரைச்சல் டாக்குக்குத் தாவ வழியே இல்லை. இரைச்சல் தொல்லை உள்ளவர்களுக்கு இதுதான் மருந்து. பொதுவாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பிப் போடலாம்; அதற்கு மேல் கருவியையும் வயரையும் பொறுத்தது. புது வயரின் இரு முனையிலும் கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்ற மறக்காதீர்கள். நான் ஒரு சாயங்காலம் முழுக்க அந்த மூடியோடு சண்டை போட்டு, டாக் பழுது என்று முடிவே கட்டிவிட்டேன்.

கோஆக்சியல் என்பது 75 ஓம் வயரில் ஓடும் அதே டிஜிட்டல் சிக்னல். கணினிகளில் இப்போது அரிதாகத்தான் இருக்கிறது. ஒற்றை ஆர்.சி.ஏ. துளை போலவே இருப்பதால் அனலாக் துளை என்று நினைத்து ஆம்ப்பில் செருகிவிட வேண்டாம்.

டிரைவர் போட வேண்டுமா?

மேக்கிலும் லினக்ஸிலும் வேண்டாம். விண்டோஸில் டாக்கைப் பொறுத்தது. யு.எஸ்.பி. ஆடியோவில் இரண்டு தலைமுறை உண்டு. முதல் தலைமுறை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். எந்த விண்டோஸும் அதை அறியும். இரண்டாம் தலைமுறை அதற்கு மேலே. இதற்கான டிரைவர் 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்துதான் கூடவே வருகிறது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் டிரைவரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று நிறுவனத்தின் டிரைவர் வேண்டியது பெரும்பாலும் அசியோ (கீழே சொல்கிறேன்) தேவைப்படுகிறவர்களுக்கும், டி.எஸ்.டி. என்ற வேறு வகை ஒலிக் கோப்புகளை நேரடியாக ஓட்ட விரும்புகிறவர்களுக்கும்தான். முதலில் செருகிப் பாருங்கள்; ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள்.

செருகிவிட்டேன், சத்தமே வரவில்லை.

பத்தில் எட்டு பேருக்குக் கணினி இன்னும் பழைய ஸ்பீக்கருக்கே சத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸ் போய் அவுட்புட் இடத்தில் டாக்கின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் சவுண்ட். பிரவுசரோ பிளேயரோ ஏற்கெனவே திறந்திருந்தால் மூடித் திறக்கவும். சில பிளேயர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு அவுட்புட் தேர்வு வைத்திருக்கும், அதையும் பாருங்கள்.

டாக்கின் பெயரே பட்டியலில் இல்லையென்றால் வயரையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். ஹப் வழியாகப் போகாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். பெயர் இருக்கிறது, சத்தம் இல்லை என்றால் டாக்கின் இன்புட் தேர்வு ஆப்டிகலில் நிற்கிறதா என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: மானிட்டர் தூங்கி எழும்போது கணினி அதையே ஒலிக்கருவியாக எடுத்துக்கொள்வது உண்டு. மானிட்டரில் சத்தம் வேண்டாம் என்றால் பட்டியலில் அதை டிசேபிள் செய்துவிடுங்கள்.

சாம்பிள் ரேட்டை எவ்வளவு வைக்க வேண்டும்? 384 வரை காட்டுகிறதே.

காட்டினால் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாட்டுகள் பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோக்கள் பெரும்பாலும் 48. விண்டோஸ் தன் வழியாகப் போகும் எல்லாவற்றையும் நீங்கள் வைத்திருக்கும் ஒரே ரேட்டுக்கு மாற்றித்தான் அனுப்பும். ஆகவே அதிகம் கேட்பது பாட்டு என்றால் 24 பிட், 44.1, படமும் விளையாட்டும் என்றால் 24 பிட், 48. அவ்வளவுதான். 384-இல் வைத்தால் இல்லாத விவரத்தைக் கணினி கூட்டிக் கொடுக்காது. அதே பாட்டைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, வயது ஏற ஏற அதுவும் குறைகிறது. 44.1 அதை முழுசாக மூடிவிடுகிறது.

மேக்கில் இதற்கு ஆடியோ மிடி செட்டப் என்ற செயலி, யுடிலிட்டீஸ் அடைவில். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் வழக்கமாக 48-இல் நிற்கும்.

எக்ஸ்க்ளூசிவ் மோட், அசியோ என்கிறார்களே?

எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கும் விண்டோஸைத் தாண்டி பிளேயர் நேராக டாக்கோடு பேசும் வழிகள் இவை. வசாபி எக்ஸ்க்ளூசிவ் என்பது விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருப்பது. அசியோ ஸ்டெயின்பெர்க் நிறுவனம் இசைப்பதிவுக் கூடங்களின் தேவைக்காக உருவாக்கியது. அதன் பலம் தாமதம் குறைவு என்பதுதான். கோப்பில் உள்ள எண் மாறாமல் டாக்குக்குப் போகும் என்பது எக்ஸ்க்ளூசிவின் பயன். பாட்டுக்கு ஏற்ப ரேட் தானாக மாறும். பதிலுக்கு, ஒரு பிளேயர் டாக்கைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் ஊமை. யூடியூப் ஓடாது, அழைப்பு மணி கேட்காது. 'யூடியூப் திடீரென்று வேலை செய்யவில்லை' என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, பின்னால் எந்தப் பிளேயர் திறந்திருக்கிறது என்பதே. காதுக்குத் தெரியும் வித்தியாசம்? எனக்குத் தெரிந்ததில்லை.

ஒலியளவைக் கணினியில் கூட்டவா, ஆம்ப்பில் கூட்டவா?

கணினியில் 100, அப்புறம் ஆம்ப் குமிழில் கட்டுப்படுத்துங்கள். கணினியில் ஒலியைக் குறைப்பது என்றால் எண்களைச் சிறிதாக்குவது. 6 டெசிபல் குறைக்கும்போதெல்லாம் ஒரு பிட் அளவு நுட்பம் கீழே நழுவுகிறது. 16 பிட்டில் இது உறுத்தும். 24 பிட்டில் வைத்திருந்தால் குறைக்க நிறைய இடம் இருக்கிறது, ஆகவே கீபோர்டு பொத்தானில் 20 டெசிபல் குறைத்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பயப்பட வேண்டாம்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு. டாக்கின் 2 வோல்ட் சில ஆம்ப்புகளுக்கு அதிகம். எளிதில் ஓடும் இயர்போன் மாட்டினால் குமிழைக் கடிகார முள்ளாக நினைத்தால் எட்டு மணி நிலையைத் தாண்டவே முடியாது. குமிழைக் கொஞ்சமே திருப்பியிருக்கும்போது, அதற்குள் ஒலியளவை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டரின் இடதும் வலதும் சமமாக இருக்காது, பாடகர் ஒரு காதுப் பக்கம் ஒதுங்கி நிற்பார். அப்போது கணினியில் குறைத்து, குமிழைப் பத்து மணிக்கு மேல் கொண்டுவருவதுதான் சரி.

கெய்ன் சுவிட்சை எங்கே வைப்பது?

கெய்ன் என்பது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பது. லோவில் ஆரம்பியுங்கள். குமிழ் மூன்று மணியைத் தாண்டியும் பத்தவில்லை என்றால் மட்டும் ஹை. ஹையில் வைத்தால் ஒலி செழிக்கும் என்பது கட்டுக்கதை; சத்தம்தான் கூடும், அதோடு பின்னணி இரைச்சலும்.

உம்ம் என்று ஒரு ரீங்காரம் கேட்கிறது. என்ன செய்ய?

இது பெரிய பதில், பொறுத்துக்கொள்ளுங்கள். இரைச்சலில் மூன்று ஜாதி உண்டு. எது என்று காதால் பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்ஸ் என்று நிலையாக வருவது ஆம்ப்பின் சொந்த இரைச்சல். இன்புட் வயரைக் கழற்றினாலும் அது இருக்கும். சென்சிடிவான இயர்போனில் மட்டும் கேட்கும். கெய்னைக் குறையுங்கள், அல்லது அந்த இயர்போனுக்கு வேறு ஆம்ப்.

உம்ம் என்று அடித்தொண்டையில் வருவது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். இது பெரும்பாலும் கிரவுண்ட் லூப். கணினிக்கும் ஆம்ப்புக்கும் தனித்தனி எர்த் வழி இருக்கிறது. வயரின் வெளிக்கூடும் அவற்றை இணைக்கிறது. ஆக ஒரு வட்டம் உருவாகி அதில் சிறு மின்னோட்டம் சுற்றுகிறது. முதலில் எல்லாப் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். அதுவே பலருக்குப் போதும்.

கிரீச், டிக்டிக், மவுஸை அசைத்தால் கூடவே சிணுங்குவது, விளையாட்டு ஓடும்போது கீச்சிடுவது எல்லாம் கணினியின் உள்ளிருந்து யு.எஸ்.பி. கிரவுண்ட் வழியாக வருபவை. மடிக்கணினி என்றால் ஒரு சோதனை: சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் காரணம் கையில். இதற்கு நேரான தீர்வு ஆப்டிகல் வயர். கணினியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் முதலில் அதை முயலுங்கள். இல்லையென்றால், கிரவுண்ட் தொடர்பை அறுத்து டேட்டாவை மட்டும் கடத்தும் யு.எஸ்.பி. ஐசொலேட்டர் என்ற சின்னக் கருவி. வாங்கும்போது வேகத்தைப் பாருங்கள். மலிவானவை பல 12 மெகாபிட்டோடு நின்றுவிடும், அவற்றில் முதல் தலைமுறை யு.எஸ்.பி. ஆடியோ மட்டுமே போகும். 480 மெகாபிட் என்று போட்டிருப்பது நல்லது. டாக்குக்கும் ஆம்ப்புக்கும் நடுவே போடும் டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டரும் உண்டு. ரீங்காரம் நிற்கும், ஆனால் மலிவானது பேஸைக் கொஞ்சம் தின்றுவிடும்.

எந்த வயர் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஆம்ப் மட்டும் ஓடும்போது அமைதியா? டாக்கை இணைத்து, யு.எஸ்.பி.யைச் செருகாமல் அமைதியா? யு.எஸ்.பி. செருகியதும் வந்துவிட்டதா? ஆம்ப்பின் உலோக உடம்பைத் தொட்டால் ரீங்காரம் கூடவோ குறையவோ செய்தால் ஆர்.சி.ஏ. முனையின் வெளிவளையம் சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, அல்லது டேப் ஒட்டி மறைப்பது. ரீங்காரம் நிற்கலாம். கருவிக்குள் ஏதாவது பழுதானால் அதன் உலோக உடம்பிலும், அதோடு இணைந்த உங்கள் ஹெட்போனிலும் முழு மின்னழுத்தம் வந்து நிற்கும்.

விட்டு விட்டு வருகிறது, டப் டப் என்று வெடிக்கிறது.

இது மின் இரைச்சல் இல்லை, டேட்டா நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஹப்பைத் தவிருங்கள், டாக்கை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கோடு ஒரே ஹப்பில் போடாதீர்கள். பிளேயரில் பஃபரை, அதாவது முன்கூட்டியே சேர்த்துவைக்கும் டேட்டாவின் அளவை, கூட்டுங்கள். விண்டோஸின் பவர் செட்டிங்ஸில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். இதற்கும் அடங்காவிட்டால் லேட்டன்சிமான் என்ற இலவசச் செயலியை ஓட்டினால் எந்த டிரைவர் கணினியைப் பிடித்துவைக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். வைஃபை டிரைவரும் கிராஃபிக்ஸ் டிரைவரும் வழக்கமான ஆட்கள்.

ஒவ்வொரு பாட்டிலும் முதல் அரை நொடி காணாமல் போகிறது.

பழுதல்ல. சிக்னல் நின்றதும் டாக் தூங்கிவிடுகிறது, மறுபடி வந்ததும் ரேட்டைப் பிடித்து, மியூட்டை எடுக்கச் சிறிது நேரம் ஆகிறது. பிளேயரில் பாட்டுக்கு முன் கொஞ்சம் மௌனம் சேர்க்கும் வசதி இருந்தால் போடுங்கள்.

என் ஹெட்செட்டின் மைக் வேலை செய்யவில்லை.

மேசை ஆம்ப்புகளின் ஜாக்கில் மைக்குக்கான தொடர்பு பெரும்பாலும் இருப்பதில்லை. நான்கு வளையப் பின்னைப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி, ஹெட்போன் பக்கத்தை ஆம்ப்பிலும் மைக் பக்கத்தைக் கணினியின் மைக் ஜாக்கிலும் செருகலாம். இப்படிச் செய்தால் கிரவுண்ட் இரண்டு வழியில் சேர்ந்து, மேலே சொன்ன ரீங்காரம் வர வாய்ப்பு உண்டு. தனியாக ஒரு யு.எஸ்.பி. மைக் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. கணினியில் இன்புட் ஒரு கருவி, அவுட்புட் வேறு கருவி என்று வைக்கலாம், தடையில்லை.

பேலன்ஸ்டு அவுட்புட் அவசியமா?

அவசியம் இல்லை. 4.4 மில்லிமீட்டர் ஜாக்கிலும் நான்கு பின் எக்ஸ்.எல்.ஆரிலும் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி நேர், எதிர்க் கம்பிகள். ஆம்ப் பொதுவாக அங்கே கூடுதல் வோல்ட் தரும். கடினமான ஹெட்போனுக்கு உதவும், மற்றபடி அதே பாட்டுதான்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. சாதாரண மூன்று வளையப் பின் உள்ள ஹெட்போனை அடாப்டர் வழியாகப் பேலன்ஸ்டு ஜாக்கில் செருகாதீர்கள். சாதாரணப் பின்னில் இடது வலது இரண்டின் எதிர்க்கம்பியும் ஒன்றாக இருக்கும். பேலன்ஸ்டு ஆம்ப்பில் அந்த இரண்டும் தனித்தனியாக உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றாகச் சேர்த்தால் ஷார்ட், ஆம்ப் கருகலாம். தலைகீழாக, பேலன்ஸ்டு வயர் உள்ள ஹெட்போனைச் சாதாரண ஜாக்கில் அடாப்டரோடு போடுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

டாக் இன்னும் வாங்கவில்லை. கணினியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்தே ஆம்ப்புக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. இரண்டு முறை ஆம்ப் செய்வது பாவம் என்று பயமுறுத்துவார்கள். ஜாக் சுத்தமாக இருந்தால் அது ஒரு லைன் அவுட் மாதிரிதான் நடந்துகொள்ளும், ஏனென்றால் ஆம்ப்பின் இன்புட் அதற்கு ஒரு சுமையே இல்லை. கணினியில் 90 அளவுக்கு வையுங்கள், 100-இல் சில கணினிகள் உடைகின்றன. 3.5 மில்லிமீட்டரிலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ.வாகப் பிரியும் வயர் ஒன்று போதும். ஜாக்கில் இரைச்சல் இருந்தால் மட்டும், ஆம்ப் அந்த இரைச்சலையும் பெரிதாக்கிக் கொடுக்கும். அப்போது டாக் வாங்கும் வேளை வந்துவிட்டது.

எந்த டாக் சிப் நல்லது?

சிப் பெயரைப் பார்த்து வாங்குவது அரிசியின் பெயரைப் பார்த்துச் சாப்பாட்டுக்கு மார்க் போடுவது மாதிரி. ஈ.எஸ்.எஸ்., ஏ.கே.எம்., சிரஸ் லாஜிக் எல்லாரும் நல்ல சிப் செய்கிறார்கள். அதைச் சுற்றிப் போட்டிருக்கும் மின்சுற்றும் மின்வழங்கலும்தான் வேறுபடுகின்றன. 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏ.கே.எம். தொழிற்சாலை எரிந்தபோது பல நிறுவனங்கள் வேறு சிப்புக்கு மாறின. அப்படி மாறியதை, கண்ணை மூடிக் கேட்டு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

விலை கூடிய யு.எஸ்.பி. வயர் வாங்கினால்?

வயர் அழகாக இருக்கும்.

அதே டாக்கில் ஸ்பீக்கரையும் இணைக்கலாமா?

ப்ரீ அவுட் (குமிழுக்கு ஏற்ப அளவு மாறும் வெளியீடு) இருந்தால் இணைக்கலாம், உள்ளேயே ஆம்ப் உள்ள பவர்டு ஸ்பீக்கர் என்றால் நேராகவே. லைன் அவுட் என்று மட்டும் இருந்தால் அதன் ஒலியளவு மாறாது, எப்போதும் முழு 2 வோல்ட். ஸ்பீக்கரில் குமிழ் இல்லாவிட்டால் முதல் பாட்டிலேயே அதிர்ந்து போவீர்கள். ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் தானாக அணையுமா என்பதை வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் அந்த வசதி கிடையாது.

ஆன், ஆஃப் செய்ய வரிசை உண்டா?

உண்டு. டாக் முதலில், ஆம்ப் பிறகு. அணைக்கும்போது ஆம்ப் முதலில். டாக் எழும்பும்போது வரும் டப் சத்தம் ஹெட்போனுக்குப் போகாது. ஒவ்வொரு முறையும் குமிழைக் கீழே இறக்கிவிட்டு ஹெட்போனை மாட்டும் பழக்கமும் நல்லது. முந்தின இரவு கடினமான ஹெட்போனுக்கு வைத்த குமிழ் நிலையில் மறுநாள் காலை இயர்போனைக் காதில் வைத்துப் பாட்டைத் தட்டினால் என்ன ஆகும் என்று ஒருமுறை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். வால்வு ஆம்ப் என்றால் மேலே டாக்கை அடுக்கி வைக்காதீர்கள், அதன் சூடு சும்மா இல்லை.

எவ்வளவு சத்தமாகக் கேட்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. நல்ல ஆம்ப்பில் ஒலி உடைவதில்லை. அதனால் சத்தம் கூடிவிட்டது என்று காதுக்குத் தெரியாமலே குமிழ் ஏறிக்கொண்டிருக்கும். குமிழின் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன், அதைத் தாண்டுவதில்லை.

எல்லாம் சரியாக இணைத்தும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

ஒன்றும் இல்லை. முன்பிருந்த ஜாக்கில் இரைச்சலும் பற்றாக்குறையும் இல்லையென்றால் வித்தியாசம் தெரியாமல் இருப்பதுதான் இயல்பு. உறுதிப்படுத்த வேண்டுமென்றால் இரண்டின் ஒலியளவையும் மல்டிமீட்டரால் அளந்து சமமாக்கி, யாரையாவது மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். அளக்காமல் செய்தால் அரை டெசிபல் கூடுதலாக இருப்பதுதான் 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். பத்து முறையில் ஐந்து ஆறுதான் சரியாகச் சொன்னீர்கள் என்றால், வாங்கிய கடையின் திருப்பித்தரும் கெடு முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.